பாண்காரரும் என் இடது காதும்

என் இடது காது போன நாளில், பழுதானது அக்காவின் கைத்தொலைபேசி என்றுதான் நினைத்தேன். வழக்கம்போல இடது காதில் வைத்து "ஹலோ, ஹலோ" என்றேன். ஒன்றும் கேட்கவில்லை. வவுனியாவில் இருக்கும் அக்கா மூன்று தடவை எடுத்தார். மூன்று தடவையும், "அக்கா, உங்கட போன் பழுது, கடையில குடுத்துத் திருத்துங்கோ" என்று சொல்லிவிட்டு வைத்தேன். அக்கா அன்று பின்னேரமே கடைக்குப் போய்விட்டார். ஒரு பழுதும் இல்லை என்று கடைக்காரர் சொன்னதை அவர் நம்பவில்லையாம். என் தங்கச்சி கணக்கு டீச்சர், அவள் பிழையாகச் சொல்லமாட்டாள் என்று அங்கே நின்று வாதாடினாராம்.

அப்போது எனக்கு நாற்பத்தேழு வயது. நானும் கணவரும் ஓலைத்தொடுவாயில் குடியிருந்தோம். அவர் வீட்டோடு ஒரு கொட்டில் போட்டுப் படகு எஞ்சின்கள் திருத்துகிறவர். நான் தினமும் பஸ்ஸில் மன்னாருக்குப் போய்ப் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தேன். காதுக்குள் தண்ணீர் போயிருக்கும் என்று நான் சொன்னேன். தண்ணீர் என்றால் எண்ணெய் விட வேண்டும் என்று கணவர் சொன்னார். எதற்கும் எண்ணெய்தான் அவருடைய வைத்தியம். தேங்காயெண்ணெயை இளஞ்சூடாக்கி விட்டார். தலையணை எண்ணெயானது. காது அப்படியே இருந்தது.

ஒரு காது போனால் பாதிச் சத்தம்தானே குறையும் என்று கணக்குப் போட்டிருந்தேன். சத்தம் அவ்வளவாகக் குறையவில்லை. இடம்தான் மாறியது. எல்லாச் சத்தமும் வலப்பக்கத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது. வாசலின் இடப்பக்கக் கொட்டிலிலிருந்து கணவர், "இஞ்சேரும், இதைக் கொஞ்சம் பிடியும்" என்று கூப்பிட்டால், நான் வலப்பக்கம் குசினிக்குள் போய், அடுப்புக்கு முன்னால் நின்று, "என்னப்பா?" என்று கேட்பேன். வகுப்பில் இடப்பக்க வாங்கில் யாரோ கதைக்க, வலப்பக்க மூலையில் வருடம் முழுக்க வாய் திறக்காத பிள்ளையை எழுப்பி ஏசினேன். அந்தப் பிள்ளை அழவுமில்லை, மறுக்கவுமில்லை. அன்றிலிருந்து என்னைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தாள். தன் மனதுக்குள் ஓடியதை நான் கேட்டுவிட்டேன் என்று நினைத்தாளோ தெரியாது.

மன்னார் பஸ் நிலையத்தில் ஒருநாள் வலப்பக்கம் கழுதை கத்தியது. வழிவிடுவோம் என்று இடப்பக்கம் விலகினேன். நேரே கழுதைமேல் போய் விழுந்தேன். அது அசையவில்லை. நான்தான் மன்னிப்புக் கேட்டேன். பக்கத்தில் நின்ற பெண்ணொருத்தி தன் பிள்ளையைக் கிட்ட இழுத்துக்கொண்டாள்.

இதெல்லாம் என்னோடும் கழுதையோடும் முடிந்திருந்தால் எழுதுவதற்கு ஒன்றுமில்லை. பாண்காரரின் விஷயம் அப்படி முடியவில்லை.

எங்கள் ஒழுங்கை நூறு மீற்றர் நீளம், நேரானது. எங்கள் படலை அதன் நடுவில். படலையில் நின்றால் இடப்பக்க அந்தத்தில் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போகும் கோயில் வீதி, வலப்பக்க அந்தத்தில் கடற்கரை வீதி. தினமும் பின்னேரம் நாலரைக்கு, பேக்கரிப் பாணும் பணிஸும் விற்கும் பாண் ஓட்டோ ஒலிபெருக்கியில் மெட்டைப் போட்டுக்கொண்டு வரும். மணல் கனம் என்பதால் ஒழுங்கைக்குள் இறங்காது. ஒருநாள் கோயில் பக்கம் நிற்கும், ஒருநாள் கடல் பக்கம்; அந்த நாள்களில் கூடுதலாகக் கோயில் பக்கம்தான். சத்தத்தைக் கேட்டு அந்தப் பக்கம் போக வேண்டும். இரண்டு மூன்று நிமிடம்தான் நிற்கும்.

நான் பையை எடுத்துக்கொண்டு படலையைத் திறப்பேன். மெட்டு வலப்பக்கம் கேட்கும். வலப்பக்கம் நடப்பேன். கிட்டப் போகப் போகச் சத்தம் குறையும். ஐயோ, போகப்போகிறாரே என்று ஓடுவேன். கடற்கரை வீதியில் ஓட்டோ இருக்காது. எவ்வளவு வேகமாகப் போய்விட்டார் என்று ஆச்சரியப்பட்டுத் திரும்புவேன்.

ஒரு தடவையாவது இடப்பக்கம் திரும்பிப் பார்க்கக் கூடாதா என்று பிறகு எல்லோரும் கேட்டார்கள். சந்தேகம் இருந்தால்தானே திரும்பிப் பார்ப்பது. எனக்குச் சந்தேகமே இல்லை. ஓட்டோ வலப்பக்கம் நிற்பதாகத் தோன்றியது என்றுகூடச் சொல்லமாட்டேன். அது வலப்பக்கம் நின்றது. என் கையில் விரல் இருப்பது எப்படித் தெரியுமோ அப்படித் தெரிந்தது.

இரண்டு கிழமைக்குப் பிறகு கணவர் என்னை வற்புறுத்தி வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். காது மூக்குத் தொண்டை டொக்டர் ஓர் இளம் பெண். என்னைக் கண்ணை மூடிக்கொண்டு கதிரையில் இருக்கச் சொன்னார். தன் திறப்புக் கொத்தைக் குலுக்கிக்கொண்டு என்னைச் சுற்றி நடந்தார். சத்தம் எங்கே என்று நான் கையைக் காட்ட வேண்டும். நான் பதற்றமில்லாமல், திருத்தமாகக் காட்டினேன். கண்ணைத் திறந்தபோது கணவர் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார்.

"எத்தினை சரி?" என்று கேட்டேன்.

"நீங்கள் முழுக்க வலப்பக்கச் சுவரைத்தான் காட்டினீங்கள்" என்றார் டொக்டர்.

உள்ளே நரம்பில் கோளாறு, குளிசை தருகிறேன், ஆனால் பிந்தி வந்திருக்கிறீர்கள், கேட்கும் சக்தி திரும்பி வருவது சந்தேகம் என்றார். பிறகு என்னுடைய முகத்தைப் பார்த்து, கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டு, ஆறுதலாக விளங்கப்படுத்தினார்.

"டீச்சர், உங்கட ரெண்டு காதுக்கும் நடுவில ஒரு தலை இருக்குது. இடப்பக்கத்துச் சத்தம் இடது காதுக்கு முந்திப் போகும், தலையைச் சுத்தி வலது காதுக்குப் பிந்திப் போகும். அந்த வித்தியாசம் ஒரு செக்கனில ஆயிரத்தில ஒரு பங்கும் இல்லை. அந்தச் சின்ன வித்தியாசத்தையும், எந்தக் காதில கூடக் கேக்குது எண்டதையும் வைச்சு மூளை கணக்குப் பாக்கும். அப்பிடித்தான் சத்தம் எங்க நிக்குது, எங்கால போகுது எண்டு தெரியிறது. இப்ப உங்களுக்கு ஒரு காதில இருந்துதான் தகவல் போகுது."

"தகவல் இல்லாட்டி, தெரியாது எண்டு சொல்ல வேண்டியதுதானே?"

"மூளை அப்பிடிச் சொல்லாது, டீச்சர். இருக்கிறதை வைச்சு ஏதாவது ஒரு விடை எழுதிப்போடும்."

அப்படிப்பட்ட பிள்ளைகள் என் வகுப்பில் நிறைய உண்டு. அதே வகைப் பிள்ளையொன்று என் தலைக்குள்ளேயே இத்தனை வருடம் இருந்தது எனக்குத் தெரியாது. இனி என்ன செய்வது என்று கேட்டேன். தலையை மெதுவாக இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள், எந்தப் பக்கம் திரும்பும்போது சத்தம் கூடுகிறது, குறைகிறது என்று கவனியுங்கள், பழகப் பழக மூளை கொஞ்சம் கற்றுக்கொள்ளும் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பயிற்சியைத் தொடங்கினேன். பாண் ஓட்டோதான் என் பயிற்சிப் புத்தகம். நாலரைக்குப் படலைக்குப் போவேன். கண்ணை மூடிக்கொள்வேன். மெட்டுக் கேட்கும்போது தலையை இடமிருந்து வலம், வலமிருந்து இடம் மெதுவாகத் திருப்புவேன். கண்ணைத் திறந்து பார்த்தால் ஒரு நொடியில் விஷயம் முடிந்துவிடும். ஆனால் அது பரீட்சையில் பக்கத்துப் பிள்ளையின் தாளைப் பார்ப்பது மாதிரி. இருபது வருடத்தில் நான் ஒருவரையும் பார்த்தெழுத விட்டதில்லை. என்னையும் விடவில்லை.

ஒன்றை மட்டும் கண்டுபிடித்தேன். நான் கோயில் பாட்டுக் குழுவில் பாடுகிறவள். சுருதி கொஞ்சம் இறங்கினாலும் எனக்குப் பல் கூசும். ஓட்டோ கிட்ட வரும்போது மெட்டின் சுருதி ஒரு மயிரிழை கூடியிருக்கும், கடந்து போகும்போது இறங்கும். ஆகவே அது வருகிறதா போகிறதா என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடிந்தது. எந்தப் பக்கம் என்றுதான் தெரியாது. "போயிட்டார்" என்று நான் படலையிலிருந்து கத்துவேன். அது எப்போதும் சரியாக இருக்கும். அன்றைக்கும் பாண் இருக்காது.

"கண்ணைத் திறந்து பாரும். எனக்குத் தேத்தண்ணியோட ஒண்டும் இல்லை" என்பார் கணவர்.

"இன்னும் ஒரு கிழமை பொறுங்கோ."

அந்த ஒரு கிழமை முடியுமுன் பாண் ஓட்டோ எங்கள் ஒழுங்கையில் நிற்பதையே விட்டுவிட்டது. கோயில் வீதியில் வரும், எங்கள் ஒழுங்கை முகப்பு வந்ததும் மெட்டை நிற்பாட்டிவிட்டு, வேகம் கூட்டி, அடுத்த ஒழுங்கையில் திரும்பப் போடும். கடல் பக்கமும் அப்படித்தான். ஒழுங்கையில் பதினொரு வீடு. பதினொரு வீட்டிலும் பாண் இல்லை.

கோயில் காரியங்களைப் பார்க்கும் மூப்பர் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டுக்காரர். அவர் ஒருநாள் காலை வந்து, இருக்கச் சொல்லியும் இருக்காமல், நின்றபடியே கேட்டார்.

"டீச்சர், பாண்காரரோட உங்களுக்கு என்ன பிரச்சினை?"

"எனக்கா? ஒரு பிரச்சினையும் இல்லையே."

"அவர் பாதரிட்டப் போய் முறைப்பாடு சொல்லியிருக்கிறார். பாதர் உங்களை ஞாயிறு பூசை முடிய நிக்கச் சொன்னவர்."

ஞாயிற்றுக்கிழமை கோயில் வளவில், வேப்பமர நிழலில், பாதர் ஒரு கதிரையில் இருந்தார். பாண்காரர் தன் ஓட்டோவோடு வந்து நின்றார். பூசை முடிந்து போக வேண்டிய சனம் போகாமல் நின்றது. பாண்காரர் நாற்பது வயதிருக்கும் மனிதர், கூச்ச சுபாவம். கையைக் கட்டிக்கொண்டு, நிலத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஃபாதர், நான் குத்தம் சொல்ல வரல. டீச்சர் ஒரு நாள் என்கிட்ட எந்த ஊருன்னு கேட்டாங்க. பெரியமடுப் பக்கம்னு சொன்னேன். பேச்சு வேற மாதிரி இருக்கேன்னாங்க. எங்கப்பா தேயிலைத் தோட்டத்துலருந்து வந்தவரு, கலவரத்துல எல்லாத்தையும் விட்டுட்டு வந்தோம்னு எல்லாம் சொன்னேன். நல்லாத்தான் கேட்டுக்கிட்டாங்க. அடுத்த வாரத்துலருந்து என்னைப் பார்த்தா திரும்பி ஓடுறாங்க."

காலால் மணலைத் தள்ளினார்.

"ஓடுனாக்கூடப் பரவால்ல. அப்புறம் கேட்ல நின்னுக்கிட்டு, கண்ணை மூடி, என்னைப் பார்த்து இப்படி இப்படித் தலையாட்டுறாங்க. தினமும். பாணு வேணாம்னா வேணாம்னு வாயால சொல்லலாம். மத்த வீட்டு ஆளுங்க முன்னாடி அப்படிப் பண்ணா எனக்கு எப்படி இருக்கும்?"

அவர் தலையை ஆட்டிக் காட்டினார். இடமிருந்து வலம், வலமிருந்து இடம், கண்ணை மூடிக்கொண்டு. அருவருப்பான ஒன்றைத் தள்ளிவிடுகிற முகம். அது என்னுடைய முகம் என்று எனக்கு உடனே விளங்கியது. அந்தக் கதையை அவர் சொன்ன நாளும் நினைவு வந்தது. ஒரு சீனிச்சம்பல் பணிஸைக் கடதாசியில் சுற்றியபடி, தகப்பன் ஒரு தையல் மெசினைத் தோளில் சுமந்துகொண்டு லொறியில் ஏறியதைச் சொன்னார். நான் அதை மறக்கவில்லை. எனக்குக் காதுதான் போயிருந்தது.

முன்னால் வந்து எல்லாவற்றையும் சொன்னேன். காது, நரம்பு, இரண்டு காதுக்கும் நடுவில் இருக்கும் தலை, மூளை எழுதும் விடை. சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரிக் கேட்டது. மூப்பர் தொண்டையைச் செருமினார்.

"காது கேக்காட்டி கேக்காது. கேட்டா எங்கயிருந்து எண்டு தெரியும்தானே, டீச்சர். அதென்ன கேக்குது, ஆனால் இடம் தெரியேல்ல எண்டது?"

"சோதிச்சுப் பாருங்கோ" என்றேன்.

பாதர் எழும்பித் தன் கதிரையை எனக்குத் தந்தார். ஒருவர் துவாயால் என் கண்ணைக் கட்டினார். எஞ்சின் சத்தம் கேட்கக் கூடாது என்று நான்தான் சொன்னேன். ஆகவே எஞ்சினை நிற்பாட்டி, மெட்டை மட்டும் போட்டு, நான்கு படகுச் சம்மாட்டிமார் பூசைக்குக் கட்டி வந்த வெள்ளை வேட்டியோடு பாண் ஓட்டோவைத் தள்ளிக்கொண்டு என்னைச் சுற்றி வந்தார்கள். நான் கையைக் காட்டிக்கொண்டிருந்தேன். துவாயை அவிழ்த்தபோது என் கை கடலை நோக்கியிருந்தது. ஓட்டோ கோயில் வாசலில் நின்றது.

"டீச்சர் நடிக்கிறா" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். அல்லது முன்னால்.

"நான் இருந்து பாக்கிறன்" என்று மூப்பர் கதிரையில் இருந்தார். இடம், வலம் எல்லாம் சரியாகக் காட்டினார். சனம் என்னைப் பார்த்தது. அப்போதுதான் டொக்டர் சொன்ன கணக்கில் எனக்கு ஒன்று உறைத்தது. நேரே முன்னால் நிற்கும் சத்தமும் நேரே பின்னால் நிற்கும் சத்தமும் இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில்தான் வரும். தலையைத் திருப்பித்தான் பிரித்தறிய வேண்டும். மூப்பர் கண்ணைக் கட்டியிருந்தாலும் தலையைத் திருப்பிக்கொண்டேயிருந்தார்.

"மூப்பர், தலையை ஆட்டாமல் இருங்கோ" என்றேன்.

அவரால் ஆட்டாமல் இருக்க முடியவில்லை. அதனால் பாதர், "தள்ளுங்கோ, நான் இருக்கிறன். நீங்கள் என்ர தலையைப் பிடியுங்கோ" என்றார். பாதர் வெள்ளை அங்கியோடு கண்ணைக் கட்டிக்கொண்டு கதிரையில் இருந்தார். மூப்பர் பின்னால் நின்று, பூசணிக்காயை நிறுக்கக் கொடுப்பவர் மாதிரி, பாதரின் தலையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். காது மறையாமல் பிடியுங்கோ என்று நான் திருத்தினேன். ஓட்டோ பாதருக்கு நேர் முன்னாலிருந்து புறப்பட்டு, வலப்பக்கமாகச் சுற்றி, அவருக்கு நேர் பின்னால் வந்து நின்றது.

"சொல்லுங்கோ, பாதர்."

"வலப்பக்கம் போனவர்" என்றார் பாதர், நிதானமாக, பிரசங்கத்துக் குரலில். "பிறகு திரும்பி வந்திட்டார். இப்ப எனக்கு நேர் முன்னால நிக்கிறார்."

பாண்காரர் பாதரின் முதுகுக்குப் பின்னால், ஓட்டோவின் ஹாண்டிலைப் பிடித்தபடி, வாயைத் திறந்து நின்றார்.

அந்த நேரம் பார்த்துக் கிராம சேவகர் ஏதோ கடிதத்துக்குப் பாதரின் ஒப்பம் வாங்க மோட்டார் சைக்கிளில் வந்தார். கண் கட்டிய பாதரையும், அவர் தலையைப் பிடித்திருந்த மூப்பரையும், நூறு பேரையும், மெட்டுப் பாடும் ஓட்டோவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பாதருக்கு என்ன?"

"ஒண்டுமில்லை" என்றார் மூப்பர், கையை எடுக்காமல். "பாதருக்குப் பாண்காரர் எங்க நிக்கிறார் எண்டு தெரியேல்ல."

"உதில, பின்னாலதானே—"

"சொல்லாதீங்கோ" என்று வளவு முழுக்கச் சொன்னது.

கிராம சேவகர் கொஞ்ச நேரம் யோசித்தார். கடிதக் கோவையை மோட்டார் சைக்கிளின் இருக்கையில் வைத்துவிட்டு, தானும் ஒருக்கா இருந்து பார்க்கலாமா என்று கேட்டார்.

அன்று மத்தியானம்வரை பதினைந்து பேராவது அந்தக் கதிரையில் இருந்திருப்பார்கள். பாதி விடை பிழை. பிழைவிட்ட ஒவ்வொருவரும், துவாயை அவிழ்த்ததும், ஓட்டோவைத்தான் யாரோ களவாக இடம் மாற்றியதாகச் சொன்னார்கள். ஒருவரும் தன் மூளையைக் குறை சொல்லவில்லை. கடைசியாகப் பாண்காரரே இருந்தார். மூப்பர் தலையைப் பிடித்தார். தன்னுடைய ஓட்டோ, தன்னுடைய மெட்டு, வருடக்கணக்காகக் காதுக்குள்ளேயே ஒலிப்பது. முன்னால் நிற்கிறது என்று சொன்னார். துவாயை அவிழ்த்துத் திரும்பிப் பார்த்தார். எழும்பிப் போய் ஓட்டோவைக் கையால் தொட்டுப் பார்த்தார்.

"எனக்கு ரெண்டு காதும் நல்லாத்தான் இருக்கு, டீச்சர்" என்றார்.

"ஓம்" என்றேன்.

"நீங்க என்னைப் பார்த்து ஓடல."

"உங்களைப் பிடிக்கத்தான் ஓடினனான். நீங்கள் அந்தப் பக்கம் நிக்கிறீங்கள் எண்டு நினைச்சு."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. இரண்டு பேருக்கும் கொஞ்சம் கண் கலங்கியிருந்தது. சனம்தான் சிரித்தது. தையல் மெசின் இப்போது எங்கே என்று கேட்டேன். அம்மா இன்னும் அதில்தான் தைக்கிறார் என்றார்.

மறுநாள் நாலரைக்கு மெட்டுக் கேட்டது. நான் படலைக்கு வருவதற்குள் மெட்டு நின்றது. அவருடைய ஓட்டோவில் ஒரு மைக்கும் இருந்தது என்பது எனக்கு அதுவரை தெரியாது.

"டீச்சர், கோயில் பக்கம்" என்று ஒலிபெருக்கி சொன்னது. "டீச்சர், நான் கோயில் பக்கம் நிக்கிறேன். அவசரமில்ல, மெதுவா வாங்க."

அது ஓலைத்தொடுவாய் முழுக்கக் கேட்டது. நான் வெட்கத்தில் குசினிக்குள் போய் ஒளிந்துகொண்டேன். கணவர்தான் போய்ப் பாண் வாங்கி வந்தார். அடுத்த நாள், "டீச்சர், கடல் பக்கம்" என்றது. நான் பரீட்சைக் கடமைக்காக மன்னாரில் நின்ற நாள்களிலும் சொன்னதாம். அந்த நாள்களில் நான் ஏன் வரவில்லை என்று பக்கத்து ஒழுங்கைச் சனம் வீட்டுக்கு வந்து கேட்டதாம். பள்ளிக்கூடத்தில் பெற்றார் கூட்டத்துக்கு வந்த ஒருவர் என்னைக் கண்டதும், "நீங்கள்தானே கோயில் பக்கம் டீச்சர்?" என்று கேட்டு மிகுந்த மரியாதையோடு கையெடுத்துக் கும்பிட்டார்.

ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. காது திரும்பவில்லை. ஆனால் டொக்டர் சொன்னது மெல்ல மெல்ல நடந்திருக்கிறது. தலையை ஒருக்கா இலேசாகத் திருப்பினால் போதும், பாதிக்கு மேல் சரியாகத் தெரிகிறது. எப்படித் தெரிகிறது என்று எனக்கே தெரியாது. போன மாதம் பணிஸ் வாங்கும்போது பாண்காரரிடம் சொன்னேன்.

"இனி மைக்கில சொல்லத் தேவையில்லை. எனக்கு இப்ப ஓரளவுக்குத் தெரியுது."

அவர் பணிஸைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு யோசித்தார்.

"அது முடியாது, டீச்சர். திடீர்னு நிப்பாட்டுனா, நமக்குள்ள திரும்பவும் ஏதோ கோவம்னு ஊர்ல நினைப்பாங்க. ஃபாதர் கூப்பிடுவாரு. மறுபடியும் எல்லாரும் கண்ணைக் கட்டிக்கிட்டு உக்காருவாங்க. எனக்கு அன்னைக்கு முழுக்க வியாபாரம் போயிடும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் பணிஸை வாங்கிக்கொண்டு வந்தேன்.